சிவப்பை எங்கே வைப்பது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருந்து கதைக்கிறேன். பின்னால் கேட்பது ஜெனரேட்டர் சத்தம். கரண்ட் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் கோப்புகளுக்கு ‘பொது’, ‘உள்ளகம்’, ‘இரகசியம்’, ‘அதி இரகசியம்’ என்று லேபிள் போடுகிறோமே, அதற்கு என்ன நிறம் கொடுப்பது? முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பெரிய கெட்டிக்காரன் மாதிரிப் பொதுவுக்குப் பச்சை, இரகசியத்துக்குச் சிவப்பு என்று வைத்தேன். எழுத்து கிடையாது, வெறும் பட்டை. திரையில் நல்ல வடிவு.

ஒரு கிழமை போகவில்லை, கணக்குப் பகுதி அண்ணா சம்பளப் பட்டியலை எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டார். ஏச்சு முழுக்க அவருக்கு. அப்புறம் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லச் சொன்னார்: “தம்பி, எனக்குச் சின்னனில் இருந்தே சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரித்தான்.” எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. இரண்டு பட்டையையும் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பல்!

இணையப் பாதுகாப்பு ஆட்களிடம் டி.எல்.பி. என்று ஒரு முறை இருக்கிறது, டிராஃபிக் லைட் புரோட்டோகால். ஒரு தகவலை யார் யாரோடு பகிரலாம் என்று நிறத்தின் பெயரால் சொல்வது. சிவப்பு என்றால் விஷயம் யாருக்குச் சொல்லப்பட்டதோ அவரோடு நிற்க வேண்டும். அதில் நிறத்தின் பெயரை எழுத்திலேயே போடுவார்கள். 2022இல் வந்த 2.0 பதிப்பில், யாரோடும் பகிரலாம் என்ற ‘வெள்ளை’ போய் ‘கிளியர்’ ஆகிவிட்டது.

அமெரிக்க அரசின் ஒட்டுத்தாள்களில் ‘சீக்ரட்’ சிவப்பு, அதற்கும் மேலே உள்ள ‘டாப் சீக்ரட்’ செம்மஞ்சள். அதை அப்படியே கொப்பியடித்தால் இங்கே சரிவராது. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டால், மாடு அந்தப் பக்கம் போனாலும் கால் வைக்காத சனம் நாங்கள். சிவப்புக்கு மேலே இன்னொரு படி இருக்கிறது என்று வன்னியில் யாருக்கு விளங்கப்படுத்துவது?

ஆகவே திருத்தினேன். பொது சாம்பல், உள்ளகம் நீலம், இரகசியம் மஞ்சள், அதி இரகசியம் அடர் சிவப்பு. எல்லாவற்றிலும் சொல் கட்டாயம். மஞ்சளில் கறுப்பு எழுத்துத்தான், வெள்ளை வைத்தால் கண்ணுக்கே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது வலைத்தள அணுகல் விதி.

அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நிறத்தை ஆர் பார்த்தது, நான் எழுத்தைத்தான் வாசித்தேன்” என்றார்.

சரி, ஜெனரேட்டர் இருமுகிறது, எண்ணெய் முடிகிறது போல. வைக்கிறேன்.