கூலி கொடுக்காம கணக்குக் கேட்காதீங்க

(டெக்சாஸ் தமிழ்ச் சங்கம் ஒன்றின் பொங்கல் விழாப் பட்டிமன்றம், 2026. தலைப்பு: "பணம் வாங்கும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் பொறுப்பு வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா?" வளர்ந்திருக்கிறது என்ற அணியின் இரண்டாம் பேச்சாளர் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்க அணித் தலைவருக்கும், நான் மைக்கைப் பிடிச்சதிலிருந்து என்னையே முறைச்சுக்கிட்டிருக்கிற எதிரணி அண்ணன்களுக்கும், வெண்பொங்கல் வரிசை எப்போ நகரும்னு பின்னாடி எட்டிப் பார்த்துக்கிட்டே எனக்கும் ஒரு காதைக் கொடுத்திருக்கிற அவையோருக்கும் வணக்கம்.

முதல்லயே ஒண்ணு ஒத்துக்கிறேன். எனக்கு அமெரிக்க ஃபுட்பால் தெரியாது. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் டிவி முன்னாடி உட்கார்ந்து கத்துறார். எதுக்குக் கத்துறார்னு இன்னும் எனக்குப் பிடிபடல. எனக்குத் தெரிஞ்சது வரிக்கணக்கு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அடுத்தவங்க கணக்கைப் பார்க்கிறதுதான் என் பிழைப்பு. அதனால பொறுப்புன்னு யாராவது சொன்னா என் மனசு உடனே கேட்கிற கேள்வி: யாரு, யாருக்கு, எதுக்குக் கணக்குச் சொல்லணும்?

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாப் பேசினார். 2021 ஜூலை 1ஆம் தேதியை ஏதோ திதி நாள் மாதிரி சொன்னார். அன்னைக்குத்தான் கல்லூரி வீரர்கள் தங்களோட பேரையும் படத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு, கல்லூரி விளையாட்டை நடத்துற என்சிஏஏ அமைப்பு வழி விட்டது. அப்புறம் 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே விளையாட்டு வருமானத்துல நேரடியாப் பங்கு கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். "காசு வந்துச்சு, பசங்க கெட்டாங்க, வருஷத்துக்கு ஒரு காலேஜ் தாவுறாங்க, விசுவாசம்ங்கிற வார்த்தையே போச்சு." இதுதான் அண்ணன் வழக்கு.

கெட்டுப்போனாங்கன்னா, அதுக்கு முன்னாடி நல்லா இருந்திருக்கணும் இல்லையா? பார்ப்போமே.

1950ல நியூயார்க் சிட்டி காலேஜ் பாஸ்கெட்பால் அணி என்ஐடி, என்சிஏஏன்னு ரெண்டு தேசியப் போட்டிக் கோப்பையையும் ஒரே வருஷத்துல தூக்கினாங்க. நாடே தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. அடுத்த வருஷம் அதே அணிப் பசங்க கையில விலங்கு. சூதாடிகள்கிட்டக் காசு வாங்கிக்கிட்டு, ஜெயிக்கிற புள்ளி வித்தியாசத்தைக் கூட்டிக் குறைச்சாங்க. அப்போ எந்தக் கல்லூரியும் சம்பளம் கொடுக்கல அண்ணே. கொடுக்காத காலத்துலதான் அது நடந்துச்சு.

இன்னொண்ணு, நம்ம டாலஸ்லேயே. எஸ்எம்யூங்கிற சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். 1980கள்ல அங்கே ஃபுட்பால் ஆடின பசங்களுக்குப் பணக்கார ரசிகர்கள் திரைமறைவுல காசு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஏற்கெனவே ஒரு தடவை தண்டனை வாங்கியும் நிறுத்தல. கடைசியில பிடிபட்டப்போ கணக்கு என்ன தெரியுமா? 13 பசங்களுக்கு மொத்தமா 61,000 டாலர். இன்னைக்கு ஒரு குவார்ட்டர்பேக்கோட, அதாவது பந்தை எறிஞ்சு அணியை நடத்துறவனோட, ஷூ செலவுக்குக்கூடப் பத்தாது. அதுக்கு 1987 சீசனையே என்சிஏஏ ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் வெளியே வந்த சேதிதான் என்னைத் தூங்க விடாது. அந்தக் காசைத் தொடர்ந்து கொடுக்கலாம்னு தலையாட்டினவர், பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவரா இருந்த பில் கிளெமெண்ட்ஸ். அவரே 1987 மார்ச்ல அதை ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்டப்போ அவர் யாரு? டெக்சாஸ் மாநில ஆளுநர்! ஆட வேண்டிய பசங்களுக்குச் சீசன் போச்சு. ஐயாவுக்கு நாற்காலி போகல. பதவிக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

சபையில சொல்றேன், பொறுப்பு தேய்ஞ்சு போச்சுன்னா அது 2021ல ஆரம்பிக்கல.

இன்னும் பின்னாடி போறேன். 1955, கொலராடோ. ஃபோர்ட் லூயிஸ்னு ஒரு சின்னக் கல்லூரி. ரே டென்னிசன்னு ஒருத்தர், ராணுவத்துல இருந்துட்டு வந்து படிச்சவர், கல்யாணம் ஆனவர், பிள்ளைகள் இருக்கு. ஒரு ஆட்டத்துல தலையில அடிபட்டு இறந்துபோறார். அவர் மனைவி இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டாங்க: "கல்லூரிக்காக ஆடித்தானே என் புருஷன் செத்தார், வேலையில செத்த மாதிரிதானே?" 1957ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், அவர் தொழிலாளி இல்லைன்னு சொல்லிடுச்சு. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் என்சிஏஏ அந்தக் காலத்துல 'மாணவ வீரர்'ங்கிற பட்டத்தைக் கண்டுபிடிச்சது. நான் சொல்லல, அதை உருவாக்கின என்சிஏஏ தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸே ஓய்வுக்கப்புறம் எழுதி வச்சுட்டுப் போனார். எவ்வளவு அழகான சொல்! மாணவன்னு சொன்னா கூலி கேட்க முடியாது. வீரன்னு சொன்னா வலிக்குதுன்னு சொல்ல முடியாது.

இதுதான் அண்ணன் ஏங்குற பொற்காலம். 2014ல கனெக்டிகட் அணி பாஸ்கெட்பால் சாம்பியன். அந்த அணியோட நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர். சில ராத்திரி பசியோட படுக்கப் போயிருக்கேன்னு அந்தப் பையன் பத்திரிகைக்காரங்ககிட்டச் சொன்னான். அந்தப் போட்டியோட ஒளிபரப்பு உரிமைக்கு 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர் ஒப்பந்தம் ஓடிக்கிட்டு இருந்த நேரம் அது! அவன் சொன்ன சில நாள்ல, வீரர்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் சாப்பாடு போடலாம்னு விதியை மாத்தினாங்க. ஐயா, சாப்பாடு போடுறதுக்கு விதி! நம்ம ஊர்ல களத்துல நெல்லடிக்க வந்தவனுக்கு முதல்ல கூழு, அப்புறம்தான் வேலை.

சரி, விசுவாசத்துக்கு வர்றேன். அண்ணன் அஞ்சு தடவை சொன்னார், நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அணி விட்டு அணி தாவுறது பாவமாம். 2025 நவம்பர் 30. மிசிசிப்பி பல்கலைக்கழக அணி 11 ஆட்டம் ஜெயிச்சு ஒண்ணுல மட்டும் தோத்து, சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற தேசிய பிளேஆஃப் சுற்றுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. அந்த நேரத்துல பயிற்சியாளர் லேன் கிஃபின், பரம எதிரியான லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, எல்எஸ்யூவுக்குக் கிளம்பிட்டார். பிளேஆஃபுக்கு முன்னாடி! பசங்க யாரும் போகல, வாத்தியார் போயிட்டார். இதைத் திட்டினவங்களும் உண்டு, ஆனா தொழில் முன்னேற்றம்னு சொன்னவங்களும் இருந்தாங்க. அதே காரியத்தை 19 வயசுப் பையன் பண்ணினா நன்றி கெட்டவன். மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்!

நம்ம டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக் கதை உங்களுக்கே தெரியும். 2023 நவம்பர்ல பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பினாங்க. சரியா நடத்தலைங்கிறதுக்காக அனுப்பினவருக்கு ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் டாலர். எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், "என்னையும் சமையல் சரியில்லைன்னு இந்த மாதிரி ஒரு தடவை அனுப்புங்க"ன்னு.

எதிரணி ரெண்டாவது அண்ணன் ஒரு கத்தியோட வந்தார்: நிக்கோ இயமலியாவா. டென்னசி அணியோட குவார்ட்டர்பேக். 2025 ஏப்ரல்ல, வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சிக்கு வரல. கூடுதல் காசுக்காகப் பேரம்னு செய்தி. பயிற்சியாளர் "அணியை விடப் பெரிய ஆள் யாரும் கிடையாது"ங்கிற மாதிரி சொல்லிக் கதவைச் சாத்திட்டார். அவன் பண்ணினது சரின்னு நான் வாதாட மாட்டேன். சக ஆட்டக்காரங்க களத்துல நிக்கும்போது சொல்லாம வராம இருக்கிறது தப்பு. ஆனா மீதிக் கதையையும் சொல்லணும்ல அண்ணே? பிளேஆஃப் வரைக்கும் போன அணியை விட்டுட்டு அவன் போய்ச் சேர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி. அந்த சீசன்ல அவங்க 12ல 3 ஆட்டம்தான் ஜெயிச்சாங்க. முடிவும் அவனோடது, விலையும் அவன் தலையிலதான். பொறுப்பு வேற எப்படி இருக்கும்? முன்னாடியெல்லாம் பையனுக்கு முடிவெடுக்கிற உரிமையே கிடையாது. கல்லூரி மாறினா ஒரு வருஷம் ஓரமா உட்கார வச்சாங்க.

அண்ணன் சொன்னதுல ஒண்ணை மட்டும் நான் சிரிச்சுப் பேச மாட்டேன். 2023 ஜனவரி, ஜார்ஜியா அணி சாம்பியன் கோப்பை ஜெயிச்ச கொண்டாட்டம் முடிஞ்ச ராத்திரி, கார்ப் பந்தயத்துல ரெண்டு உயிர் போச்சு. ஒரு வீரர், அணியில வேலை பார்த்த ஒரு பெண். அதுக்கப்புறமும் அதே அணிப் பசங்க வேகமா ஓட்டிப் பிடிபட்டாங்க. இளங்கன்று பயமறியாதுதான். 20 வயசுக் கையில பெரிய காரோட சாவி ஆபத்து, ஒத்துக்கிறேன். ஆனா 2024ல அந்த அணியோட பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் என்ன சொன்னார்? விளம்பரக் காசு வர்ற வழியிலேயே அபராதம் பிடிக்கிறோம்னார். அது போதுமான்னு கேட்டா, போதாது. ஆனாலும் பிடிக்கிறதுக்குக் கையில ஒண்ணு இருந்தாத்தானே பிடிக்க முடியும்?

இந்த மாசமே நடந்தது ஒண்ணு, நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக் டெமண்ட் வில்லியம்ஸ். புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச் சில நாள்கூட ஆகல, "நான் போறேன், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர் கொடுக்கிறேன்"னு அறிவிச்சுட்டான். கல்லூரி மாற விரும்புறவங்க பேர் பதியுற பட்டியல் அது. அதுவும் எப்போ? இறந்துபோன அதே பல்கலைக்கழகத்துக் கால்பந்து வீராங்கனை ஒருத்திக்கு அஞ்சலி நடக்கிற நேரத்துல. ஊரே திட்டுச்சு. பல்கலைக்கழகம் என்ன பண்ணுச்சு? அழல, விசுவாசம்னு புலம்பல. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேஜை மேல வச்சது. ரெண்டே நாள்ல பையன் திரும்பி வந்தான், அந்த நேரத்துக்கு மன்னிப்பும் கேட்டான். ஐம்பது வருஷம் விசுவாசப் பிரசங்கம் பண்ணி நடக்காதது ஒரு தாள்ல நடந்துச்சு. ரெண்டு பக்கமும் கையெழுத்து இருந்ததால நடந்துச்சு.

எல்லாப் பசங்களும் தாவுறவங்களும் இல்ல. ஆஸ்டின்ல டெக்சாஸ் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் ரெண்டு வருஷம் இன்னொருத்தனுக்குப் பின்னாடி பெஞ்ச்ல உட்கார்ந்தான். எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் சிவப்புக் கம்பளம் விரிச்சிருப்பாங்க. அவன் படம் போட்டு, அவனே கையெழுத்துப் போட்ட, ரசிகர்கள் சேர்த்து வைக்கிற ஒரே ஒரு அட்டை 1,02,500 டாலருக்கு ஏலம் போச்சு, அந்தக் காசு தர்மத்துக்குப் போச்சு. (அண்ணன் வாயைத் திறக்கிறார், தெரியும்: தாத்தாவும் ரெண்டு சித்தப்பாவும் என்எஃப்எல்ங்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக்ல குவார்ட்டர்பேக், அவனுக்கென்ன பசியா? சரிதான். ஆனா பணக்கார வீட்டுப் பையனுக்குப் பொறுமை தானா வரும்னு சொன்னா, இந்த மண்டபத்துலயே பாதிப் பேர் சிரிப்பாங்க.)

நடுவர் ஐயா மணி மேல கை வச்சுட்டார். ஒரே ஒரு விஷயம், நான் கண்ணால பார்த்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி மார்ச்ல ஒரு பொண்ணு என்கிட்ட வந்தா. ஓட்டப்பந்தய வீராங்கனை, 19 வயசு. டிவியில வர்ற ஆள் இல்ல. ஒரு துணிக்கடை, ஒரு சத்துப் பானக் கம்பெனி, ரெண்டு மூணு இன்ஸ்டாகிராம் விளம்பரம். எல்லாம் சேர்த்து பதினோராயிரம் டாலர் சொச்சம். ஒரு பிளாஸ்டிக் பையில கசங்கின 1099 படிவங்கள், சம்பளம் இல்லாம வேற வழியில வந்த வருமானத்தைக் காட்டுற வரித் தாள்கள். "ஆன்ட்டி, இதுக்கு வரி உண்டா?"ன்னு கேட்டா. உண்டும்மா, நீ இப்போ சொந்தத் தொழில் பண்றவ. வருமான வரி போக, சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம்னேன். முகம் வெளுத்துப் போச்சு. காசு எங்கேன்னா, அம்மாவோட கார் ரிப்பேருக்குப் போச்சு, தம்பிக்கு லேப்டாப் போச்சு. நான் திட்டினேன். எங்க வீட்டுப் பொண்ணை எப்படித் திட்டுவேனோ அப்படியே. அழுதா. தவணை போட்டுக் கட்ட ஏற்பாடு பண்ணிக் கொடுத்தேன்.

அன்னைக்கு நானும் அண்ணன் மாதிரிதான் நினைச்சேன்: சின்னப் பிள்ளைங்க கையில ஏன் இந்தக் காசைக் கொடுக்கிறாங்கன்னு.

அடுத்த வருஷம் ஜனவரியிலேயே வந்து நின்னா. பிளாஸ்டிக் பை இல்ல. ஒரு கோடு போட்ட நோட்டு. எந்தத் தேதி, யார் கொடுத்தாங்க, எவ்வளவு, அதுல வரிக்குன்னு தனிக் கணக்குல போட்டது எவ்வளவு. ஒரு கம்பெனி பேசினபடி காசு தராம இழுத்தடிச்சிருக்கு. இவளே ஒப்பந்தத்தைக் காட்டி, மின்னஞ்சல் மேல மின்னஞ்சல் போட்டு வாங்கியிருக்கா. அவளோட கோச்சுக்கு இந்த நோட்டு பத்தித் தெரியாது. கல்லூரி நிதிப் பாடம் நடத்தி வந்ததும் இல்ல. காசு வந்துச்சு, அடி பட்டா, கத்துக்கிட்டா. என்கிட்ட வர்ற நாற்பது வயசு ஐடிக்காரங்கள்ல எத்தனை பேர் இப்படி எழுதி வச்சிருக்காங்கன்னு நான் சொன்னா, எனக்கு அடுத்த வருஷம் தொழில் நடக்காது.

மணி அடிச்சாச்சு. போயிடறேன் ஐயா. சுயதொழில் பண்றவங்களுக்கு நாலாவது தவணை வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 15, நம்ம பொங்கல் நேரம். அன்னைக்கு நான் பால் பொங்குறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன், ஃபோன்ல ஒரு மெசேஜ்: "கட்டிட்டேன் ஆன்ட்டி. ரசீது அனுப்பியிருக்கேன். உங்க பண்டிகை இன்னைக்குத்தானே?"

எதிரணி அண்ணன்களே, உங்கள்ல யாரெல்லாம் கட்டினீங்க?

நன்றி, வணக்கம்.