இரண்டு சுரமும் ஒரு மௌனமும்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒலிக்கும் ஒரு பியானோ இசையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பிரெடெரிக் ஷோப்பன் எழுதியது. 1839இல் வெளிவந்த அவருடைய 24 பிரெலூட்களில், அதாவது சின்னச் சின்ன பியானோ இசைத் துண்டுகளில், நாலாவது. ஈ மைனர் என்கிற, சோகச் சாயல் கொண்ட சுர வரிசையில் இருப்பது.

துக்க வீடுகளுக்குப் போயிருப்பீர்கள். ஓரமாக ஒருவர் உட்கார்ந்து, "போயிட்டாரே... போயிட்டாரே..." என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார். இந்த இசையின் தொடக்கத்தில் வலது கை செய்வதும் அதைத்தான். இரண்டே சுரம். நம் கணக்கில் பஞ்சமமும், அதை ஒட்டி மேலே உள்ள சுத்த தைவதமும். நீளமாக ஒரு ப, குட்டியாக ஒரு த, மறுபடி ப.

ஆனால் விஷயம் இடது கையில் இருக்கிறது. நான் பல வருடமாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டு வலது கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இடது கையைச் சுத்தியல் மாதிரி தட்டுவார்கள். "வலது கையை மடியில் வைத்துக்கொள், ஒரு வாரத்துக்கு இடது கை மட்டும்" என்று சொல்லிவிடுவேன். மூன்று சுரங்கள் சேர்ந்து மெதுவாகத் துடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு விரல் மட்டும் அரை சுரம் கீழே இறங்கும், மற்றவை அங்கேயே நிற்கும். அப்புறம் இன்னொரு விரல். இப்படியே நழுவி நழுவி இறங்கும். மேலே அதே ப-தான், ஆனால் அடியில் இருந்தது நகர்ந்துவிட்டதால் அது ஒவ்வொரு முறையும் புதிதாக வலிக்கும். திரும்பவும் சொல்கிறேன், இடது கையைக் கேளுங்கள்.

பாதியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இந்தத் தடவை பொறுக்க முடியாமல் ஒரே ஒரு முறை ஓவென்று வெடித்துவிட்டு, உடனே அடங்கிவிடும்.

இதை நான் முதலில் கேட்டதே வானொலியில்தான். இரவுச் சாப்பாடு முடிந்து அப்பா திண்ணையில் சாய்ந்திருந்தார், பெட்டி ஜன்னலோரம் இருந்தது. இசை கரைந்துகொண்டே போய், விடை கிடைக்காத கேள்வி மாதிரி ஒரு கலவைச் சுரத்தில் நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. நிலையம் போய்விட்டது என்று நினைத்து அப்பா எழுந்து வந்து குமிழைப் பிடித்தார். பிடித்த கை திருகுவதற்குள், தாழ்ந்த குரலில் மூன்று நாதம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அப்பா கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அவருக்கு மேல்நாட்டு இசை பழக்கமே இல்லை. "இவன் யாருக்காகவோ அழுதிருக்கான்" என்றார்.

அந்த மௌனத்தை ஷோப்பன் தாளிலேயே குறித்திருக்கிறார். அதை அவசரமாகக் கடந்துபோகிற ஒலிப்பதிவுகளை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவில் ஒரு மடத்தில், 1838-39 குளிர்காலத்தில், நோயோடு அவர் இந்தத் தொகுப்பை முடித்த கதையையும் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றே ஒன்று: 1849 அக்டோபர் 30, பாரிஸில் மத்லேன் தேவாலயத்தில் அவருடைய இறுதிச் சடங்கு. அன்று இதே இசையை ஆர்கன் என்கிற தேவாலய வாத்தியத்தில் வாசித்தார்கள்.

சரி, இப்போது ஒலிப்பதிவைப் போடப்போகிறார்கள். நடுவில் சத்தம் நின்றால், குமிழைத் தொடாதீர்கள்.