ஆட்ரி ஹெப்பர்ன் எலைசாவுக்குப் பொருந்தினாரா?

[காட்சி: ஆஸ்கர் மேடையின் பழைய புகைப்படம்]

வணக்கம். 1965 ஏப்ரல் 5. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஆஸ்கர் விழா. சிறந்த நடிகருக்கான விருதைக் கொடுக்க ஆட்ரி ஹெப்பர்ன் மேடையேறுகிறார். உறையைப் பிரித்துப் படித்தால், ரெக்ஸ் ஹாரிசன். 'மை ஃபேர் லேடி' படத்தில், எலைசா என்ற கதாநாயகியாக நடித்த ஹெப்பர்னோடு ஜோடியாக நடித்தவர். அந்தப் படத்துக்கு 12 பரிந்துரைகள், அதில் 8 விருதுகள். ஆனால் அந்தப் பன்னிரண்டில் கதாநாயகியின் பெயர் இல்லை. சிறந்த நடிகை விருதை 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸ் வாங்கினார். ஹாரிசன் தன் நன்றியுரையில் இரண்டு சீமாட்டிகளுக்கும் சேர்த்தே அன்பைச் சொன்னார்.

ஏன் இரண்டு பேர்? அறுபது வருடங்களாக ரசிகர்கள் பேசித் தீராத விஷயம் அதுதான்.

[காட்சி: பூக்கூடையுடன் எலைசா]

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லண்டன் கோவென்ட் கார்டனில் பூ விற்கும் ஏழைப் பெண் எலைசா. அவள் பேசுவது காக்னி என்ற சாதாரண ஜனங்களின் கொச்சை. ஹிகின்ஸ் என்ற பேராசிரியர் பந்தயம் கட்டி, அவளுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்து, சீமாட்டியாக்கிக் காட்டுகிறார். இது முதலில் இசை நாடகமாக வந்தது. 1956இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் எலைசாவாக நின்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். அப்போது அவருக்கு இருபது வயது. 2,717 முறை மேடையேறிய நாடகம் அது. எலைசாவின் பாட்டுகள் அவருடைய உச்சஸ்தாயிக் குரலுக்குப் பொருந்தியவை. இசைத்தட்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

வார்னர் பிரதர்ஸின் ஜாக் வார்னர் 55 லட்சம் டாலர் கொடுத்து நாடகத்தின் பட உரிமையை வாங்கினார். ஜூலி அதுவரை ஒரு சினிமாவிலும் நடித்ததில்லை. இவ்வளவு பணம் போட்ட பிறகு, மக்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்றார் வார்னர். ஹெப்பர்னுக்குச் சம்பளம் 10 லட்சம் டாலர். ஆக, படம் வெளிவருவதற்கு முன்பே பாதிப் பேர் கோபத்தில் இருந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது வார்னர் மேல் போயிருக்க வேண்டும், ஹெப்பர்ன் மேல் அல்ல.

அடுத்தது குரல். ஹெப்பர்ன் பாடத் தெரியாதவர் இல்லை. 'மூன் ரிவர்' பாட்டை 1961இல் சொந்தக் குரலில் பாடியவர். எலைசாவுக்காகவும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார், பதிவும் செய்தார். கடைசியில் பெரும்பாலான பாட்டுகளை மார்னி நிக்சன் பாடினார். 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபரா கெர்ருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும் குரல் கொடுத்தவர் அவர்தான்.

பின்னணிக் குரல் என்றால் நமக்கு உறுத்தாது. பி. சுசீலா பாட, சாவித்திரி வாயசைத்தார் என்பதற்காகச் சாவித்திரியின் நடிப்பு பாதியாகிவிட்டது என்று இங்கே யாரும் சொன்னதில்லை. சுசீலாவின் பெயர் டைட்டிலில் இருக்கும், ரேடியோவில் சொல்வார்கள். ஹாலிவுட்டில் அப்படியில்லை. மார்னி நிக்சனின் பெயர் படத்தில் எங்குமே இல்லை. மூடி வைத்த விஷயம் வெளியே தெரிந்ததும், பாட்டு ஹெப்பர்னுடையது இல்லையென்றால் இது பாதி நடிப்புதானே என்று பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு இதில் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. அதே படத்தில் ரெக்ஸ் ஹாரிசனும் பாடகர் அல்ல. பாட்டைப் பேச்சாகவே சொல்லிப் போவார், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிச் சொல்வார். முன்னாலேயே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க அவரால் முடியாது. அதனால் அவருடைய டைக்குள் கம்பியில்லாத மைக் ஒன்றை ஒளித்து வைத்து, படப்பிடிப்பில் நேரடியாகவே பதிவு செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அது புதுசு. அவருடைய பாட்டுகள் அப்படிச் சொல்வதற்கென்றே எழுதப்பட்டவை, எலைசாவின் பாட்டுகளுக்கு உண்மையிலேயே பெரிய குரல் வேண்டும், சரிதான். ஆனாலும் ஒருவருடைய குறைக்காகத் தொழில்நுட்பமே வளைந்து கொடுத்தது, இன்னொருவருடைய குரலை எடுத்துவிட்டார்கள்.

[காட்சி: 'ஜஸ்ட் யூ வெயிட்' பாடல், ஒலியுடன்]

இந்தப் பாட்டைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஹிகின்ஸ் மேல் ஆத்திரத்தில், அவன் சாவதாகக் கற்பனை செய்து எலைசா பாடுவது. ஆரம்பத்தில் வரும் கரகரப்பு, பல்லைக் கடித்துச் சொல்லும் சொற்கள், எல்லாம் ஹெப்பர்னின் குரல். நடுவில் பாட்டு மேலே ஏறும்போது குரல் சட்டென்று வழுவழுப்பாகிறது. அது நிக்சன். திரும்பவும் ஆத்திரம் வரும்போது ஹெப்பர்ன் வருகிறார். ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரிகிறது. நிக்சன் அருமையாகத்தான் பாடுகிறார். ஆனால் அந்த இடத்தில் எலைசா கொஞ்ச நேரம் காணாமல் போகிறாள்.

சரி, குரலை விடுங்கள். நடிப்பைப் பற்றியும் இரண்டு கட்சி உண்டு. முதல் பாதியில் ஹெப்பர்ன் எடுபடவில்லை என்பவர்களோடு நானும் ஒத்துப்போகிறேன். படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு 34 வயது. முகத்தில் கரியைப் பூசினாலும் இளவரசி தெரிகிறார். காக்னிக் கூச்சல் தொண்டையிலிருந்து வருகிறதே தவிர, தெருவிலிருந்து வரவில்லை. இத்தனைக்கும் வறுமை தெரியாதவர் அல்ல. இரண்டாம் உலகப்போரில், 1944 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் பிடித்தபோது, பதினைந்து வயதில் பட்டினி கிடந்தவர்.

இன்னொரு பக்கம், நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரவுதர் அப்போதே அவரை மனதாரப் பாராட்டினார், வார்னரின் தேர்வு சரி என்றே எழுதினார். அஸ்காட் குதிரைப் பந்தயக் காட்சி அவர் பக்கம் பேசும். செசில் பீட்டன் வடிவமைத்த கருப்பு வெள்ளை உடைகளுக்கு நடுவே, அத்தை செத்த கதையை அப்பழுக்கில்லாத உச்சரிப்பில் எலைசா சொல்வாள். முகத்தில் ஒரு துளி சிரிப்பு கிடையாது.

ஆனால் எனக்கு அவர் எலைசாவாகவே ஆகிவிடுவது, அவர் வாயே திறக்காத காட்சியில்.

[காட்சி: விருந்து முடிந்து வீடு திரும்பிய இரவு. பின்னால் எலைசா]

விருந்தில் எலைசா ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஹிகின்ஸும் அவருடைய நண்பர் பிக்கரிங்கும் ஒருவரையொருவர் மெச்சிப் பாடுகிறார்கள். வேலைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஹிகின்ஸை வாழ்த்துகிறார்கள். உழைத்தவளிடம் ஒரு வார்த்தை இல்லை. அவள் பின்னால், விருந்து உடையோடு நிற்கிறாள். ஹெப்பர்ன் செய்வது ஒன்றுமே இல்லை போலிருக்கும். கழுத்து நிமிர்ந்தே இருக்கிறது. கண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அணைகிறது. எல்லோரும் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் விழுந்து அழுகிறாள். முதல் பாதியில் அவருக்கு இடைஞ்சலாக இருந்த அந்த ராணித் தோரணைதான் இங்கே உதவுகிறது. இவ்வளவு கம்பீரமாக நிற்பவளையே யாரும் பார்க்கவில்லை என்பதுதான் நம்மைச் சுடுகிறது. இதற்குப் பாட்டுக் குரல் தேவைப்படவில்லை.

1994இல் இந்தப் படத்தைச் செப்பனிட்டார்கள். ஹெப்பர்ன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 'வுடின்ட் இட் பி லவர்லி', 'ஷோ மீ' இரண்டு பாட்டுகளையும் அவர் சொந்தக் குரலில் பாடிய பதிவுகள் இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கின்றன. மேல் ஸ்தாயியில் அவர் திணறுவது உண்மைதான். ஆனால் முதல் பாட்டில், ஒரு கதகதப்பான அறையும் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்று ஆசைப்படும் இடத்தில், குரல் மெலிந்து, லேசாகக் காற்று கலந்து வருகிறது. ராத்திரிக் குளிரில் பூ விற்றுக் களைத்த பெண் அதில் இருக்கிறாள். படத்தில் வரும் பதிவில் எனக்கு அவள் கேட்கவில்லை.