சுண்டாமல் பிடிக்கும் தூண்டில் முள்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கரையேற்றிய ஃபைபர் படகு ஒன்றின் நிழலில் அமர்ந்து பேசுகிறேன். என் உள்ளங்கையில் இருக்கும் இரண்டு முட்களைப் பாருங்கள். ஒன்று நாம் அனைவரும் அறிந்த ஜே வடிவ முள். அதன் முனை மேல்நோக்கி நிற்கிறது. மற்றொன்று சர்க்கிள் ஹுக். இதன் முனை உள்ளே திரும்பித் தன் தண்டையே பார்க்கிறது. விரலால் அழுத்தினாலும் எளிதில் குத்தாத இது எப்படி மீனைப் பிடிக்கும் என்று நானும் ஐயப்பட்டதுண்டு.

முதன்முறை இதைக் கட்டிப் போட்டபோது, நரம்பு என்று நாங்கள் சொல்லும் தூண்டில் இழை துடித்ததும் பழக்கப்படி வெடுக்கென்று சுண்டினேன். மூன்று பாறை மீன்கள் அடுத்தடுத்து நழுவிய பிறகு, பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சுண்டாதே தம்பி, அது இரையை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லில் இம்முள்ளின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. இரையை விழுங்கிய மீன் திரும்பி நீந்தும்போது நரம்பு மெல்ல இறுகுகிறது; முனை உள்நோக்கி இருப்பதால் முள் தொண்டையில் தைக்காமல் வழுக்கி வெளியே வந்து, வாயின் ஓரத்தை அடைந்ததும் அங்கே சுழன்று தாடையைக் கவ்விக்கொள்கிறது. சுண்டினால், கவ்வுவதற்கு முன்பே வாயிலிருந்து வெளியேறிவிடுகிறது.

வாயோரத்தில் மாட்டிய குஞ்சு மீனைப் பெரிய காயமின்றிக் கடலில் விட முடியும் என்பதே எனக்கு இதன் பெரும்பயன். நீண்ட கயிற்றில் ஏராளமான முட்களை வரிசையாகத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலில் அகன்ற சர்க்கிள் முட்களைக் கட்டும்போது கடலாமைகள் அவற்றை விழுங்குவதும் குறைகிறது. அதனால்தான் அமெரிக்கா 2004-ஆம் ஆண்டு தன் அட்லாண்டிக் ஆயிரங்கால் தூண்டில் படகுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் இந்தக் கரையில் நின்று அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாங்கும்போது முள்ளைத் தட்டையான பலகையில் படுக்க வைத்துப் பாருங்கள். முனை ஒரு பக்கம் சாய்ந்து தூக்கிக்கொண்டிருந்தால், அது தொண்டையில் தைக்கும் வாய்ப்புக் கூடும். இரையையும் வளைவின் இடைவெளி அடைபடும்படி கோர்க்கக் கூடாது.

உள்வளைந்த முள் புதிய கண்டுபிடிப்பன்று. பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும் இதே வடிவத்தைச் செய்தார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவுக் குகையில் கிடைத்த, கடல்நத்தை ஓட்டில் தேய்த்துச் செய்த முள் சுமார் 23,000 ஆண்டுகள் பழையது. வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் டிலிங்கிட் மக்கள், ஹாலிபட் என்னும் பெரிய தட்டை மீனுக்காக இரு மரத்துண்டுகளை வி வடிவில் கட்டி எலும்பு முனை பொருத்தினார்கள். அந்த இடைவெளியில் வாய் நுழையாத மிகப் பெரிய மீனும், கவ்வ முடியாத சிறியதும் தப்பிவிடும். வேண்டிய அளவை முள்ளே தேர்ந்தெடுக்கும்.

கணவாய்த் தூண்டில் முற்றிலும் வேறு. இறால் போன்ற உடலின் அடியில் ஊசிகள் கிரீடம்போல் மேல்நோக்கி நிற்கின்றன. நழுவாமல் தடுக்கும் எதிர்முள் ஒன்றிலும் இல்லை. கணவாய் கரங்களால் இரையை அணைக்கும்போது ஊசிகள் அந்த மென்சதையில் பதிகின்றன. ஆகவே இங்கும் சுண்டுவது உதவாது. நரம்பு ஒரு கணமும் தளராதபடி, ஒரே சீராக இரு கைகளாலும் மாற்றி மாற்றி இழுத்துப் படகின் விளிம்புவரை கொண்டுவர வேண்டும்.