15 பேர் தவறினால் 45 பேருக்கும் கதவைப் பூட்டலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சென்ற காணொளியில் நான் பேசிய 'கோச் கார்ட்டர்' திரைப்படத்தை மகனோடு பார்த்தாராம். "சிலர் படிப்பில் தவறியதற்காக முழு அணியையும் தடுப்பது எப்படி நீதியாகும்? என் மகனையும், வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை என்று, சனிக்கிழமை நடக்கவிருக்கும் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியிலிருந்து பயிற்றுநர் நிறுத்திவிட்டார், அவன் சாப்பிடாமல் இருக்கிறான்" என்கிறார்.

சகோதரி, உங்கள் வருத்தம் எனக்கு விளங்குகிறது. 2005 இல் வெளிவந்த அந்தப் படம், கலிபோர்னியாவின் ரிச்மண்ட் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஜனவரியில் உண்மையாகவே நடந்ததைத் தழுவியது. அதுவரை தோல்வியே காணாத கூடைப்பந்தாட்ட அணியின் பயிற்றுநர் கென் கார்ட்டர், 45 வீரர்களில் 15 பேர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றவில்லை என்பதற்காக விளையாட்டு மண்டபத்தையே பூட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த ஒப்பந்தம்தான் பெரிதாகத் தெரிகிறது. விளையாடுவதற்கு மாநிலம் கேட்ட பாடங்களின் சராசரிப் புள்ளி நான்குக்கு 2.0 ஆக இருக்க, நீங்கள் 2.3 பெறவேண்டும், வகுப்பில் முன்வரிசையில் அமரவேண்டும், போட்டி நாளில் கழுத்துப்பட்டி அணிந்து வரவேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியவர், தம் சொந்த மகனையும் அதற்கு வெளியே விடவில்லை. முன்னரே சொல்லப்படாத விதிக்காக ஒரு பிள்ளையைத் தண்டிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தவறாத அந்த 30 பேருக்கும் இழப்பே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் படத்தில், கல்விச் சபை பூட்டைத் திறக்கும்படி வாக்களித்த பிறகும், மண்டபத்தின் நடுவே மேசைகளைப் போட்டு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்களே, அதை யாரும் அவர்கள்மீது சுமத்தவில்லை.

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்துக்கு நான் பயிற்சிக்குப் போன காலத்தில், பிந்தி வருபவர் இரண்டு சுற்று ஓடவேண்டும் என்பது எங்கள் பயிற்றுநரின் விதி. ஒருநாள் அவரே பிந்தினார். சைக்கிளை மதிலில் சாய்த்து, சங்கிலி மசகு கறுத்திருந்த கையைப் புல்லில் துடைத்துவிட்டு, ஒரு காரணமும் சொல்லாமல் ஓடத் தொடங்கினார். இரண்டாவது சுற்றில் நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஆகவே, மகனின் பயிற்றுநரிடம் நேரில் சென்று, இந்த விதி முன்னரே சொல்லப்பட்டதா, அணியின் மிகச் சிறந்த வீரனுக்கும் இதுவேதானா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆம் என்றால், தெரிந்தவர்களைப் பிடித்து அவரிடம் சிபாரிசு சொல்விக்க வேண்டாம். சனிக்கிழமை மகனை வீட்டில் வைத்திருக்காமல் மைதானத்துக்கு அனுப்புங்கள். தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டு, மாற்று வீரர்களோடு கோட்டருகே அமர்ந்திருக்கட்டும்.