காசியில் துடுப்புப் படகும் சம்போ ஊர்வலமும்

வணக்கம் நண்பர்களே. காசியிலிருந்து திரும்பிய கையோடு இதைப் பதிவு செய்கிறேன். நாள் தள்ளிப் பேசினால் கோபம் தணிந்துவிடும், அது தணிவதில் எனக்கு விருப்பமில்லை.

மணிகர்ணிகைத் துறைக்கு எதிரே நடு ஆற்றில் ஒரு பெரிய மோட்டார் படகு நின்றது. அதில் இருந்தவர்கள் முழங்கை நீள லென்ஸ்களை நீட்டி, எரிந்துகொண்டிருந்த சிதையையும், அதன் அருகில் தலையை மழித்துக்கொண்டு வெள்ளை வேட்டியுடன் நின்ற மகனையும் விடாமல் எடுத்துத் தள்ளினார்கள். அங்கே சிதைகளைப் படம் எடுக்கக் கூடாது என்பது காசிக்கு முதல்முறை போகிறவருக்குக்கூடப் படகோட்டியோ டீக்கடைக்காரரோ சொல்லிவிடுகிற விதி. கரையில் நின்று எடுத்தால் உறவினர்கள் தடுப்பார்கள் என்பதால்தான் இவர்கள் ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். நம் வீட்டுச் சாவில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து லென்ஸை நீட்டினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

சாவைக் காட்டாமல் காசியைக் காட்ட முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும். மணிகர்ணிகைக்கு வேண்டிய விறகு படகுகளில் வந்து இறங்குகிறது. அதைத் தோளில் சுமந்து படியேறும் ஒருவரிடம் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு, சிதைகள் எதுவும் சட்டகத்துக்குள் வராதபடி நின்று எடுத்தேன். தோளில் மடித்துப் போட்ட கிழிந்த சாக்கு, கழுத்து வியர்வையில் ஒட்டிய மரப்பட்டைத் தூள், கட்டை உருளாமல் இருக்க விரித்துப் பிடித்த விரல்கள், இவ்வளவுதான் அந்தப் படத்தில் இருக்கிறது. நெருப்பு இல்லை, அழுகிற முகமும் இல்லை, ஆனால் அந்தத் துறை எதனால் நடக்கிறது என்பது முழுவதும் அதில் இருக்கிறது.

இப்போது படகு விஷயத்துக்கு வருகிறேன், இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் படகு எனக்குப் பிடிக்காது என்பதை நீங்கள் அறிவீர்கள். என்ஜினின் அதிர்வு கேமராவை நடுங்க வைக்கும், அதன் சத்தம் கேட்டதும் நீராடுபவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அத்துடன் படம் போய்விடும். எனவே துடுப்புப் படகுதான் வேண்டும் என்று உறுதியாக நின்றேன். கேமராவைப் பார்த்த முதல் ஆள் 2,500 ரூபாய் கேட்டார். அடுத்தவர் 1,800 சொன்னார், கூடவே மோட்டார் படகுக்கே மாறிக்கொள்ளும்படி மூச்சுவிடாமல் வற்புறுத்தினார். நான் அஸ்ஸி துறை வரை நடந்துபோய், அங்கே தன் படகில் புகுந்த நீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசி, இரண்டு மணி நேரத்துக்கு 1,100 ரூபாய் என்று முடித்தேன். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணில்லை. "இங்கே நிறுத்துங்கள், பெரியவரே" என்று சொன்ன இடத்தில், துடுப்பை நீரில் ஊன்றியதுபோலப் படகை அசையாமல் நிறுத்தி வைத்தார். தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டாத என்னுடைய 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு எவ்வளவு அருகில் போக வேண்டும் என்பதைச் சிறிது நேரத்திலேயே கணித்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே படகைத் திருப்பினார். பெண்கள் நீராடும் பக்கம் வந்ததும் நான் கேமராவை இறக்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் என்னிடம் மனம் விட்டுப் பேசத் தொடங்கினார்.

நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே படகில் இருக்க வேண்டும். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. 80-க்கும் மேற்பட்ட படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்தபடி அமைந்திருக்கின்றன, எதிர்க்கரையோ வெறும் மணல்வெளி. ஆகவே உதிக்கிற சூரியனுக்கும் நீரில் நின்று கைகளால் நீரை அள்ளி அர்க்கியம் விடுகிறவருக்கும் நடுவில் எந்த மறைப்பும் கிடையாது. அந்த முதல் ஒளியில் கேதார் துறையைப் பாருங்கள்! நம் ஊர்க் கோயில் மதிலைப் போலவே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கேதாரேசுவரர் கோயில், அருகிலேயே குமரகுருபரர் நிறுவிய மடம், சற்றுத் தள்ளி பாரதியார் 1898 முதல் 1902 வரை வாழ்ந்த அனுமன் துறைப் பகுதி. காசியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாம்பல் பூசிக்கொண்டு காசுக்கு முகம் காட்டுகிறவர்களை இங்கே அதிகம் பார்க்க முடியாது, அந்த வகைப் படங்களை நான் ஒருபோதும் எடுப்பதில்லை.

இந்தப் பயணத்தின் பெரிய மகிழ்ச்சி சம்போ ஊர்வலம். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு வேண்டிய பூசைப் பொருள்களை "சம்போ, சம்போ, மகாதேவா" என்று முழங்கியபடி சந்துகளின் வழியாக நாள்தோறும் எடுத்துச் செல்கிறார்கள். நகரத்தார் ஏற்றுக்கொண்ட இந்தப் பூசைக் கட்டளை 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வருகிறது. சத்திரத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு பித்தளைப் பாத்திரக் கடையின் படியில் ஒதுங்கி நின்றேன். மாடு ஒன்று குறுக்கே வந்தது, சைக்கிள் வந்தது, கூட்டம் என்னைச் சுவரோடு அழுத்தியது, அதற்கிடையில் பூசைக் குடத்தைத் தூக்கி வந்தவரின் முகத்தில் கடையின் விளக்கு விழுந்த நொடியில் ஒரே ஒரு சட்டகம் கூர்மையாகக் கிடைத்தது. வெளிச்சம் குறைவு என்பதால் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்றி, ஷட்டரை 1/125 நொடியில் வைத்திருந்தேன், அப்படி ஏற்றினால் படத்தில் துகள் தெரியும். படத்தில் துகள் தெரிகிறது என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை, இவ்வாண்டு நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை என்பதால் சந்தோடு நின்றுகொண்டேன்.

தசாசுவமேதத் துறையின் மாலை ஆரத்தியைப் பற்றியும் ஒரு சொல். படிகளில் இடம் பிடிக்க முண்டியடிக்காதீர்கள். பூசகர்கள் பெரும்பாலும் ஆற்றைப் பார்த்து நிற்பதால் படியில் இருப்பவர்களுக்கு முதுகுதான் கிடைக்கும், முகம் படகிலிருந்துதான் தெரியும். வெளிச்ச அளவைச் சுடருக்கு வையுங்கள், முகத்துக்கு வைத்தால் அடுக்கு விளக்கு முழுவதும் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும்.

அடுத்ததாக வடநாட்டுக் கணக்குப்படி வரும் கார்த்திகை மாதத்தில் பஞ்சகங்கைத் துறைக்குப் போக எண்ணியிருக்கிறேன். அங்கே மாதம் முழுவதும் மூங்கில் கம்பங்களின் உச்சியில் கூடைக்குள் ஆகாச தீபங்களை ஏற்றுவார்கள். அந்தப் படிகளில் முக்காலி வைத்துப் படம் எடுத்த அனுபவம் உள்ளவர்கள், கூட்டம் எந்த நேரத்தில் குறையும் என்பதைக் கீழே எழுதுங்கள்.