ஹாலில் இருக்கட்டும் அந்தப் பெட்டி

‘பிள்ளைக்கு கேம் கன்சோல்: வாங்கலாமா, வேண்டாமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘வாங்கலாம்’ அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, இந்த வெக்கையிலும் நாற்காலி தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல் மேல் எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். ஐம்பதாயிரம் ரூபாய் தண்டம், பிள்ளை அடிமையாகும், படிப்பு பாழாகும். போகிற போக்கில் ஆன்லைன் ரம்மியையும் இதில் கோத்துவிட்டார். ஐயா, அது காசு வைத்து ஆடுவது. 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது அதைத்தான். கட்டுச் சாதத்தையும் கள்ளையும் ஒரே தூக்கில் ஊற்றாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். கன்சோல் வாங்காத வீட்டுப் பிள்ளை இந்நேரம் பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருக்கிறது? அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, நடுவர் அவர்களே. அதை எந்த இடத்தில் உட்கார வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.

போனில் ஆடும் சண்டை ஆட்டங்களைப் பாருங்கள். ஒரு சுற்று இருபது, முப்பது நிமிடம் ஓடும். நடுவில் நிறுத்த முடியாது. எதிரே ஆடுபவர்கள் நிஜ மனிதர்கள், நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். “இன்னா கண்ணு, சோறு ஆறுது, வா” என்று அம்மா கூப்பிடும்போது பிள்ளை கத்துவது அதனால்தான். திமிர் என்று நினைத்து முதுகில் ஒன்று வைக்கிறோம். கன்சோலில் தனியாளாக ஆடும் கதை ஆட்டத்தில் பொத்தானை அழுத்தினால் அப்படியே நிற்கும். சாப்பிட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்படி நிறுத்த முடிகிற ஆட்டமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். வீட்டுச் சண்டை பாதி குறையும்.

அடுத்து சாவி. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியைப் பிரித்த வேகத்தில் பல வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5 கன்சோலை வாங்கினால் முதல் கணக்கு அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்க வேண்டும். அதற்குள் செட்டிங்ஸ், ஃபேமிலி அண்ட் பேரன்டல் கன்ட்ரோல்ஸ், ஃபேமிலி மேனேஜ்மென்ட் என்று போய்ப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறக்க வேண்டும். பிறந்த தேதி உண்மையானதாக இருக்கட்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பதினெட்டு வயதைத் தாண்டிய தேதியைத் தட்டிவிட்டால், பூட்டுவதற்குக் கதவே இருக்காது. பிள்ளையின் கணக்கில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். ஆட்டத்துக்குள் விற்கும் வைரம், வேஷம் மாற்றும் ஸ்கின் என்று எது ஆசை காட்டினாலும் அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் நகராது. முகம் தெரியாதவர்களோடு பேசுவதையும் மெசேஜ் அனுப்புவதையும் தடுத்துவிடுங்கள். ஆடும் நேரத்தைக் கிழமைவாரியாகக் குறிக்கலாம். நேரம் முடிந்தால் அறிவிப்பு மட்டும் காட்டவா, வெளியேற்றிவிடவா என்று அதுவே கேட்கும். வெளியேற்று என்று வையுங்கள். வெறும் அறிவிப்பு, பள்ளிக்கூடத்துக் கடைசி மணிக்கு முந்தின மணி மாதிரி. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றை மறந்துவிடுவார்கள். பிள்ளை புதிதாக இன்னொரு பயனரை உருவாக்கியோ, விருந்தாளியாக நுழைந்தோ ஆடலாம். கன்சோல் கட்டுப்பாடு என்ற பகுதியில் அந்த இரண்டையும் தடுக்க வேண்டும். அதற்கான ரகசிய எண் கடையிலிருந்து வரும்போது 0000. அதை மாற்றாமல் விட்டால், கோட்டையைச் சுற்றி அகழி வெட்டிவிட்டுப் பாலத்தையும் போட்டுக்கொடுத்த மாதிரி.

இப்போது காசுக்கு வருகிறேன். ஆட்டம் பதிந்த டிஸ்க் போடும் பிஎஸ்5 ஸ்லிம் 2024-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 54,990 ரூபாய். டிஸ்க் வாசல் இல்லாமல், ஆட்டத்தை இணையத்திலிருந்து தரவிறக்கும் டிஜிட்டல் வகை 44,990. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலைத் தூக்காதீர்கள். புது ஆட்டம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும். டிஸ்க் என்றால் ஆடி முடித்துச் செகண்ட் ஹேண்டாக விற்கலாம், குடியாத்தத்துச் சித்தப்பா பையனோடு மாற்றிக்கொள்ளலாம். தரவிறக்கிய ஆட்டத்தை விற்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. நான்கைந்து ஆட்டத்திலேயே அந்தப் பத்தாயிரம் கரைந்துவிடும். மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020-ல் 34,990-க்கு வந்தது. அதிலும் டிஸ்க் வாசல் கிடையாது.

மொத்தச் செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 2024 விலைக்குப் பெட்டி, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் இரண்டாவதாக ஒன்று, இரண்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் எழுபதாயிரத்தைத் தொடும். எதிரணியினர் கைதட்டலாம். ஆனால் பிஎஸ்4 வந்தது 2013-ல், பிஎஸ்5 வந்தது 2020-ல். ஒரு தலைமுறைப் பெட்டி ஏழு வருடம் ஓடுகிறது. எழுபதாயிரத்தை எண்பத்து நான்கு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 833 ரூபாய். குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணிக்குப் போய்வந்தால் ஆகிற செலவு. ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடக் கட்டும் மாதச் சந்தாவும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. தனியாக ஆடவும், அண்ணன் தங்கை ஒரே டிவியில் சேர்ந்து ஆடவும் சந்தா தேவையில்லை.

கரண்ட் பில் பற்றியும் பயமுறுத்தினார்கள். பெரிய ஆட்டம் ஓடும்போது பிஎஸ்5 ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 35 மணி நேரம், அதாவது 7 யூனிட். டிவிக்கு ஆவது தனி.

என் அணியினர் முறைத்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லா வீட்டுக்கும் இது ஆகாது. ஃபைபர் இணைப்பு இல்லாமல் தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவில் ஓடும் வீட்டில் வாங்காதீர்கள். 100 ஜிபி ஆட்டம் ஒன்றை இறக்கவே ஐம்பது நாள் ஆகும். டிஸ்க் போட்டாலும் அப்டேட் கேட்கும். எட்டு வயதுக்குக் கீழேயும் வேண்டாம் என்பேன்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கோயிலுக்குச் சாமிகூட 1981-ல் வந்துவிட்டார். வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது. பிஎஸ்5 வேலை செய்ய 5 முதல் 35 டிகிரி வரைதான் ஏற்ற வெப்பம் என்று சோனி சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே நாற்பதைத் தாண்டும். அந்த மத்தியானத்தில் ஆட விட்டால் மின்விசிறி இரையும், சூடு அதிகம் என்று எச்சரிக்கை வரும், பிறகு தானே அணைந்துவிடும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். தூசி படும் என்று பாட்டி துண்டு போட்டு மூடினால், ஆடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் கன்சோல் அணைந்து அணைந்து எழுந்தால், சேமித்த ஆட்டம் கெடலாம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் போட்டால் மாறுகிற இடைவெளி குறையும், பெட்டி அணையாது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைத் தொய்வாக விடுங்கள். குழந்தை கால் தடுக்கி இழுத்தால் உடைவது கேபிள் அல்ல, பெட்டிக்குள் சர்க்யூட் பலகையில் பற்றவைத்திருக்கும் கேபிள் வாசல். அதைச் சரிசெய்யப் பெட்டியைச் சுமந்துகொண்டு காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டிவரும்.

அடிமை என்ற சொல்லுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022-ல் நடைமுறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு என்ன அடையாளம் சொன்னது? ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேல் அதையே வைப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிப்பது. ஹாலில், ஊரே பார்க்க, நேரம் முடிந்தால் தானே வெளியேற்றும் பெட்டியில் இது வளருமா, போர்வைக்குள் இருக்கும் போனில் வளருமா? படிப்புக்கும் இதே பதில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை நேரம் பூஜ்யம் என்று குறித்துவிட்டால் தீர்ந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். டிஸ்க் உறையில் வயது எண் இருக்கும். 18 என்று போட்ட துப்பாக்கி ஆட்டத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு கன்சோலைத் திட்டாதீர்கள். ஓவர்குக்டு என்று ஒன்று உண்டு. நான்கு பேர் வரை ஒரே சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கி, சூப் வைத்து, தட்டு கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பரிமாறத் தட்டு இருக்காது, தோற்றுப்போவீர்கள். எதிரணித் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும், இரண்டாவது கன்ட்ரோலர் அவருக்குத்தான். தட்டு கழுவுவதிலிருந்து தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.